பீர் ஆலையில் வளர்ந்த விஞ்ஞானி

பால் கொதிக்கும்போது உறை ஊற்றினால் என்ன ஆகும்? தயிர் கிடைக்காது. சில்லென்று ஆறிய பிறகு ஊற்றினாலும் சரியாக உறையாது. இளஞ்சூடாக இருக்கும்போது ஊற்ற வேண்டும். வீட்டுப் பெண்கள் விரலை வைத்தே பக்குவம் பார்த்து விடுவார்கள்.

பீர் தயாரிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அங்கே விரல் போதாது. தெர்மாமீட்டர் வேண்டும்.

அந்தத் தெர்மாமீட்டரோடு பழகி வளர்ந்தவர், ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'ஜூல்' என்று ஒரு அளவு வருகிறதே, அது இவருடைய பெயர்தான். (பீர் குடிப்பது நல்லதா, கெட்டதா என்பது வேறு பேச்சு.)

நோஞ்சான் பையன்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை ஒட்டி இருக்கும் ஊர் சால்போர்டு. அங்கே 1818-ம் ஆண்டு டிசம்பர் 24-ந்தேதி ஜூல் பிறந்தார். தந்தை பெஞ்சமின், பீர் ஆலை முதலாளி. நல்ல பணக்காரர்.

பையன் நோஞ்சான். முதுகெலும்பில் கோளாறு. ஆகவே வீட்டிலேயே பாடம் நடந்தது. 1834-ல் அண்ணனையும் தம்பியையும் ஜான் டால்டன் என்ற மேதையிடம் தந்தை அனுப்பினார். அணுவைப் பற்றி ஆராய்ந்து புகழ் பெற்றவர் டால்டன். 1837-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. படிப்பு நின்றது.

ஜூல் கல்லூரிக்குப் போகவில்லை. பட்டம் வாங்கவில்லை. ஆலைக்குப் போனார்.

ஈஸ்ட் போடும் நேரம்

முளை கட்டிய பார்லியை வெந்நீரில் ஊற வைத்து, சாற்றை வடித்து, கொதிக்க வைப்பார்கள். பிறகு ஆற வைத்து ஈஸ்ட் போடுவார்கள். சாற்றில் உள்ள சர்க்கரையைச் சாராயமாக மாற்றுவது இந்த ஈஸ்ட்தான்.

எவ்வளவு ஆற வேண்டும்? இதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாறு மிகவும் சூடாக இருந்தால் ஈஸ்ட் செத்துப் போகும். கொஞ்சம் சூடு கூடினால், சாகாது, அவசரமாகப் பொங்கும். ருசி கெடும். அதிகமாகக் குளிர்ந்து விட்டாலோ, ஈஸ்ட் தூங்கி விடும். அந்த நேரம் பார்த்து வேண்டாத கிருமிகள் புகுந்து சாற்றைக் கெடுக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஈஸ்ட் வேலை செய்யும்போது அதுவே சூட்டை உண்டாக்கும். தொட்டி தானாகப் பல டிகிரி ஏறும். அதை முன்கூட்டியே நினைத்து, குறைந்த சூட்டில் போட வேண்டும். இங்கிலாந்து ஆலைகளில் 60 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டிப் போடுவது வழக்கம். அதாவது சுமார் 16 டிகிரி சென்டிகிரேட். கோடைக்கு ஒரு கணக்கு, குளிர்காலத்துக்கு ஒரு கணக்கு.

கணக்குத் தவறினால் ஒரு தொட்டி முழுவதும் நஷ்டம்.

ஈஸ்ட் உயிருள்ள பொருள் என்பதே அந்த நாளில் உறுதியாகவில்லை. பாஸ்டர் அதை நிலைநாட்டியது 1857-க்குப் பிறகுதான். காரணம் தெரியாவிட்டாலும், ஆலைக்காரர்கள் தெர்மாமீட்டரை நம்பினார்கள்.

ஓய்வு நேர ஆராய்ச்சி

ஆலை வேலை போக மீதி நேரத்தில் ஜூல் ஆராய்ச்சி செய்தார். மின்சாரம் ஓடும் கம்பி சூடாகிறதே, எவ்வளவு சூடாகிறது? இதற்கு 1840-ல் விதி கண்டார். அப்போது அவருக்கு வயது 21.

பிறகு பெரிய கேள்விக்கு வந்தார். உழைப்பு வெப்பமாக மாறுமா? மாறினால், எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு வெப்பம்?

வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்று அன்றைய அறிஞர்கள் பலர் நம்பினார்கள். அதைப் புதிதாக உண்டாக்க முடியும் என்றால் யார் ஒப்புவார்கள்? 1843-ல் அயர்லாந்தில் கார்க் நகரில் அறிஞர் சபை கூடியது. ஜூல் பேசினார். யாரும் பொருட்படுத்தவில்லை.

அவர் விடவில்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். அதற்குள் ஒரு துடுப்புச் சக்கரம். கயிற்றில் எடை தொங்கும். எடை கீழே இறங்கினால், சக்கரம் சுற்றித் தண்ணீரைக் கலக்கும். சூடான காபியைக் கலக்கினால் ஆறும் என்பதுதான் நமக்குத் தெரியும். ஜூல் கலக்கியபோது தண்ணீர் சூடேறியது!

ஆனால் எவ்வளவு? எடையை 20 தடவை இறக்கியும் ஏறியது சுமார் அரை டிகிரி பாரன்ஹீட்தான். பக்கத்தில் நிற்கும் மனிதரின் உடல் சூடு பட்டாலே கணக்குப் பிசகும். அதற்காக நடுவில் மரத் தடுப்பு வைத்தார். டான்சர் என்ற மான்செஸ்டர் கருவித் தொழிலாளி அருமையான தெர்மாமீட்டர்கள் செய்து கொடுத்தார். அவற்றில் ஒரு டிகிரியில் 200-ல் ஒரு பங்கைக் கூட ஜூல் படித்து விடுவார்!

இவ்வளவு நுட்பமாக யாராலும் அளக்க முடியாது என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பீர் ஆலையில் வேலை பார்த்ததில்லை. ஆலைப் பழக்கம்தான் கைகொடுத்தது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

பத்திரிகை போட்டது

1847 ஏப்ரலில் மான்செஸ்டரில் ஒரு மாதா கோவிலைச் சேர்ந்த படிப்பகத்தில் ஜூல் சொற்பொழிவு ஆற்றினார். அறிஞர்கள் அலட்சியம் செய்த விஷயத்தை, 'மான்செஸ்டர் கூரியர்' என்ற உள்ளூர் பத்திரிகை முழுவதுமாக வெளியிட்டது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ஆக்ஸ்போர்டில் மறுபடியும் சபை கூடியது. சுருக்கமாகச் சொல்லும்படி தலைவர் கேட்டுக் கொண்டார். அன்றும் பேச்சு அப்படியே அமுங்கிப் போயிருக்கும். ஆனால் ஒரு இளைஞர் ஆர்வத்தோடு விவாதித்தார். அவர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர். அன்று முதல் காற்று திரும்பியது.

ஆகஸ்டில் ஜூலுக்கும் அமேலியாவுக்கும் திருமணம். புதுமணத் தம்பதிகள் ஆல்ப்ஸ் மலைக்குப் போனார்கள். அங்கே கையில் நீண்ட தெர்மாமீட்டரோடு மாப்பிள்ளையைப் பார்த்ததாகத் தாம்சன் பின்னாளில் எழுதினார். அருவி விழும் இடத்தில் தண்ணீர் சூடேறுகிறதா என்று பார்க்கத்தான்! புதுப்பெண் என்ன நினைத்தாரோ.

1850-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. ஆனால் 1854-ல் மனைவி காலமானார். அதே ஆண்டு ஆலையும் விற்கப்பட்டது. இரண்டு குழந்தைகளோடு தனியே வாழ்ந்து, ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கைப்பணம் கரைந்தது. 1878-ல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உதவித் தொகை கொடுத்தது.

1889 அக்டோபர் 11-ந்தேதி சேல் என்ற ஊரில் இறந்தார். அவருடைய கல்லறையில் 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்க, ஒரு ராத்தல் எடை அத்தனை அடி இறங்க வேண்டும். அவர் 1878-ல் கடைசியாக அளந்து சொன்ன கணக்கு அது.