பாரன்ஹைட்டும் உறையாத நீரும்

காய்ச்சலுற்றார்க்கு உஷ்ணம் 102 டிகிரி என்று மருத்துவர் கூறக் கேட்கின்றோம். அவ்வெண்ணை நமக்கு அளித்தவர் வரலாற்றை நம்மில் அறிந்தோர் சிலரே.

டானியல் காப்ரியேல் பாரன்ஹைட் என்பார் 1686-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், பால்டிக் கடலோரத்து டான்ஸிக் துறைமுகத்தில் வணிகர் குடியிற் பிறந்தார். 1701-ல் நச்சுக்காளானை உண்டு தந்தையும் தாயும் ஒரே நாளில் மாண்டனர். பதினைந்து வயதுச் சிறுவனைப் பாதுகாவலர் வணிகம் பயிலுமாறு ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினர். கணக்கேட்டிற் பொருந்தாத மனம் கண்ணாடிக் குழாய்களிற் பொருந்திற்று. கருவி செய்யக் கடன்பட்டார். பாதுகாவலரோ சினந்து, அவரைப் பிடித்துக் கீழை நாடுகளுக்குக் கப்பலேற்ற முற்பட்டனர். அகப்படாது அவர் ஊர்தொறும் திரிந்தார். 1708-ல் கோப்பன்ஹேகன் சென்று, வானநூல் வல்ல ரோமர் உஷ்ணமானிக்கு அளவு குறிக்கும் முறையை நேரிற் கண்டார்.

அந்நாளில் ஒருவர் செய்த உஷ்ணமானி மற்றொருவர் செய்ததனோடு ஒவ்வாது. ஆகவே, 1714-ல் பாரன்ஹைட் அளித்த இரு கருவிகள் ஒரே அளவு காட்டக் கண்டு ஹாலே நகரப் பேராசிரியர் வோல்ப் வியந்ததில் வியப்பில்லை. பின்னர்ப் பாதரசத்தைத் தூய்மை செய்து குழாயில் அடைத்தார். பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் கலந்த குளிர்ச்சி 0. பனிக்கட்டியும் நீரும் மட்டும் கலந்தது 32. நலமுள்ள மனிதன் உடற்சூடு 96 எனக் குறித்தார். (இவ்வுடற்சூடு 98.6 ஆனது பிற்காலத் திருத்தம்.)

தம் கருவியை நம்பக்கூடியவராயிருந்தமையாலன்றோ அவர் 1721-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2-ஆம் நாள் கண்டதையும் நம்ப இயன்றது! கண்ணாடிக் குமிழொன்றில் மழைநீரைப் பெய்து, கொதிக்கச் செய்து காற்றைப் போக்கி, வாயை உருக்கி மூடி, 15 டிகிரிக் குளிரில் வைத்தார். நீர் உறைவதற்குரிய நிலைக்கு அது 17 டிகிரி கீழ். மறுநாள் விடியலிற் பார்க்க, நீர் நீராகவே இருந்தது! காற்றின்மையே காரணமெனக் கருதிக் குமிழின் நுனியை ஒடித்தார். கணத்தில் பனித்தகடுகள் நீரெங்கும் பரந்தன. கருத்து மெய்யாயிற்று என்றே எவரும் அமைந்திருப்பர். ஆயின், மற்றொருகால் அத்தகைய குமிழை ஏந்திப் படியேறுகையிற் கால் இடறிற்று. குமிழ் உடையவில்லை, காற்றும் புகவில்லை, ஆயினும் அவ்வசைவினாலேயே உள்ளிருந்த நீர் உறையத் தொடங்கிற்று. தம் முதற் கருத்தைத் தாமே கைவிட்டு, அசைவே காரணமெனத் தெளிந்தார். உறையத் தொடங்கிய நீர் தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளியிட, உஷ்ணம் 32-க்கு ஏறி அங்கே நிற்கும். ஆதலின் பனிக்கட்டியும் நீரும் கூடிய நிலையே உறுதியான அளவு; நீர் உறையத் தொடங்கும் கணம் அன்று.

இதனை நம் மாணவர் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நொறுக்கிய பனிக்கட்டியிற் சிறிது உப்பைக் கலந்து, கொதித்தாறிய வாலைநீர் உள்ள தூய சோதனைக் குழாயை அதனுள் அசையாது நிறுத்துக. சில வேளை பலிக்காது. தூசு ஒன்றிருப்பினும் நீர் முன்னரே உறைந்துவிடும். பலித்தால், சிறு பனித்துகள் ஒன்றை உள்ளே இடுக.

இவ்வாராய்ச்சியை 1724-ல் லண்டன் ராயல் சங்க வெளியீட்டில் எழுதினார். அவ்வாண்டே அச்சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1736 செப்டம்பர் 16-ல், ஐம்பதாம் வயதில், ஹேக் நகரில் மறைந்தார். அவர் செய்த உஷ்ணமானிகள் லைடன் நகரத்துப் பூர்ஹாவே அரும்பொருட்சாலையில் இன்றும் உள்ளன.