தாமஸ் மிட்ஜ்லி: ஆக்கமும் கேடும்

வாழ்நாளில் பெரும்புகழும், மறைந்த பின் பெரும்பழியும் எய்திய அறிவியலாளருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி.

அவர் 1889ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் பீவர் ஃபால்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1911இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். 1916 முதல் ஓஹையோவின் டேட்டன் நகரில், புகழ்பெற்ற பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கின் தலைமையில் ஆய்வுப் பணி மேற்கொண்டார்.

அக்கால மோட்டார் வண்டிகளின் எஞ்சின்களில் பெட்ரோல் சீராக எரியாமல் 'டக டக'வென ஒலி எழும், ஆற்றலும் வீணாகும். இக்குறையைப் போக்கும் பொருளைத் தேடிய மிட்ஜ்லி, எண்ணற்ற சேர்மங்களைச் சோதித்தபின், 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயம் என்னும் சேர்மத்தைக் கண்டறிந்தார். அதில் சிறிதளவு கலந்தாலே ஒலி அடங்கியது. ஆல்கஹால் கலந்தாலும் அதே பயன் கிட்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் ஆல்கஹாலுக்குக் காப்புரிமை பெற இயலாது. ஆகவே ஈயமே தேர்வாயிற்று. 1923இல் அது 'எத்தில்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அப்பெயரில் ஈயம் என்ற சொல் இடம்பெறவில்லை.

ஈயம் நஞ்சு என்பது பழங்காலந்தொட்டே மக்கள் அறிந்த உண்மை. மிட்ஜ்லியே ஈய நஞ்சால் உடல் நலிந்து, 1923இன் தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் ஓய்வு கொள்ள நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் பலர் சித்தம் கலங்கினர், ஐவர் மாண்டனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளரைக் கூட்டி, அச்சேர்மத்தில் தம் கைகளைக் கழுவியும் அதன் ஆவியை முகர்ந்தும் காட்டி, தீங்கில்லை என்று நிறுவ முற்பட்டார். விற்பனை சிறிது காலம் தடைப்பட்டு, மீண்டும் தொடர்ந்தது.

அடுத்து அவர் குளிர்சாதனப் பெட்டியின்பால் கவனம் செலுத்தினார். அந்நாளில் அதில் பயன்பட்ட அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகிய வாயுக்கள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. மிட்ஜ்லியின் குழுவினர் நஞ்சற்றதும் தீப்பற்றாததுமான ஃபிரியான் வாயுவை உருவாக்கினர். 1930இல் அறிஞர் அவையில் அவர் அவ்வாயுவை உள்ளிழுத்து, எரியும் மெழுகுவத்தியின்மீது ஊதி அணைத்துக் காட்டினார். அவை வியந்தது. விருதுகள் குவிந்தன.

1940இல் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கிக் கால்களை முடக்கியது. படுக்கையிலிருந்து எழுவதற்காகக் கயிறுகளும் கப்பிகளும் கொண்ட பொறியொன்றைத் தாமே அமைத்துக்கொண்டார். 1944 நவம்பர் 2ஆம் நாள் அக்கயிறுகள் கழுத்தில் சுற்றியிருக்க, அவர் உயிரற்றுக் கிடந்தார். அப்போது அவருக்கு வயது 55.

அவர் படைப்புகளின் விளைவு அதன்பின்னரே வெளிப்பட்டது. வண்டிப் புகைவழிக் காற்றில் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்தது. ஃபிரியான் வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பதை 1974இல் மோலினா, ரோலண்ட் என்னும் அறிஞர்கள் உணர்த்தினர். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தியது. ஈயம் கலந்த பெட்ரோலைச் சாலை வாகனங்களுக்கு விற்றுவந்த கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் அதை நிறுத்தியது.

இவ்விரு கேடுகளையும் ஒரே தராசில் வைத்தல் முறையன்று. ஓசோனுக்கு நேர்ந்த கேட்டை அவர் காலத்தில் எவரும் அறிந்திலர். உயிர் காக்கும் நோக்கமே அங்கு இருந்தது. ஈயத்தின் கேட்டையோ அவர் தம் உடலாலேயே அறிந்திருந்தார். அறியாமல் விளைந்த தீங்கைக் காலம் பொறுக்கலாம். அறிந்தே மறைத்த தீங்குக்கு எந்தப் புகழும் ஈடாகாது என்பதே மிட்ஜ்லியின் வாழ்வு உணர்த்தும் பாடம்.