வக்கீல், அரசியல்வாதி, கப்பல் கம்பெனிக்காரர்: மூன்றும் ஒரே ஆளாக வ.உ.சி. இருந்தது எப்படி?

சட்டம் படிக்கணும், அரசியலுக்கு வரணும், சொந்தமா தொழிலும் பண்ணணும். தென்காசிப் பக்கம் கல்லூரி மாணவர்களிடம் பேசினால் இப்படிச் சொல்கிற ஒருவராவது இருப்பார். ஒண்ணை ஒழுங்கா பண்ணு என்று வீட்டில் திட்டும் விழும். ஆனால், தென்காசியும் சேர்ந்திருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், 100 வருஷத்துக்கு முன்பே ஒருவர் மூன்றையும் செய்து காட்டினார். அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரியது. அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

வக்கீல் வேலை எப்படித் தொடங்கியது?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். தாலுகா ஆபீஸில் கொஞ்ச நாள் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, திருச்சியில் சட்டம் படித்து, ஊருக்குத் திரும்பி வக்கீல் தொழில் பார்த்தார். ஏழைகளுக்காக வாதாடியதில் போலீஸோடு உரசல் வந்தது. 1900-ல் தூத்துக்குடிக்கு மாறினார்.

கப்பல் கம்பெனி எதற்கு?

தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. சுதேசி என்று மேடையில் பேசினால் போதாது, வியாபாரத்திலேயே மோதணும் என்று வ.உ.சி. முடிவு செய்தார். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு ஷேர் 25 ரூபாய் வீதம் 40,000 ஷேர்கள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 ஷேர்களுக்கு 2 லட்சம் போட்டார்.

முதலில் வாடகைக் கப்பல்தான். அதையும் எதிர்த்தரப்பு நெருக்கடி கொடுத்துத் தடுத்தது. சொந்தக் கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று வ.உ.சி. பம்பாய் போனார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்கார கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவர்கள் அதற்கும் கீழே குறைத்தார்கள். கடைசியில் அந்தக் கம்பெனி இலவசப் பயணம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கியது.

எங்கே அடி விழுந்தது?

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வு கிடைத்தது. சில நாளிலேயே, மார்ச் 12-ல், கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்து 40 வருஷம் தண்டனை கொடுத்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவை, கண்ணூர் சிறைகளில் இருந்தார். கோவையில் செக்கு இழுக்க வைத்தார்கள். சுதேசி கம்பெனி கடனில் மூழ்கி 1911-ல் கலைந்தது.

செங்கோட்டைக்கு என்ன தொடர்பு?

தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து சுதேசிக்காரர்களை ஒடுக்கியவர் ஆஷ். பிறகு திருநெல்வேலி கலெக்டர் ஆனார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் அவரைச் சுட்டுக் கொன்று, தானும் உயிர்விட்டார் வாஞ்சிநாதன். ஊர், தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற செங்கோட்டை. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஒரு கப்பல் கம்பெனியின் வீழ்ச்சி, மலையடிவாரத்து ஊர் வரைக்கும் கோபத்தைக் கொண்டுபோயிருந்தது.

விடுதலைக்குப் பிறகு?

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. பல கடிதங்களுக்குப் பிறகுதான் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. 10 லட்ச ரூபாய் கம்பெனியை நடத்தியவர் நிலைமை அப்படி.

சன்னதைத் திரும்ப வாங்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் வக்கீல் தொழில், கூடவே தமிழ் நூல்களின் பதிப்பு வேலை என்று காலம் போனது. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.

மூன்றையும் சேர்த்தது தப்பா?

தப்பு என்று சொல்ல முடியாது. சட்டம் தெரிந்ததால் கம்பெனி தொடங்க முடிந்தது. அரசியல் இருந்ததால் ஷேர் வாங்க ஆள் வந்தார்கள். கப்பல் ஓடியதால் அந்த அரசியலை ஜனங்கள் நம்பினார்கள். ஆனால் மூன்றும் ஒரே மனிதரின் தோளில் இருந்தன. அவரைச் சிறையில் போட்டதும் மூன்றும் சேர்ந்து சாய்ந்தன. இன்று இந்த மூன்றுக்கும் ஆசைப்படுகிற மாணவர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: நீங்கள் இல்லாத நாளிலும் நீங்கள் தொடங்கியது ஓடுமா?