நாதுராம் கோட்சே: தையல் கடையிலிருந்து தூக்குமேடை வரை... 16 ஆண்டு அரசியல் வாழ்க்கையில் நடந்தது என்ன?

ஜனவரி 30 வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்ற ஆரம்பித்துவிடும். சென்னை ஆபீஸ் குரூப்பிலும் வரும், கள்ளக்குறிச்சி ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் குரூப்பிலும் வரும், டவர் கிடைத்தால் கல்வராயன் மலையிலும் வரும். பிரிவினையில் சிந்திய ரத்தத்தைப் பார்த்துக் கொதித்துப்போன ஒரு இளைஞர், பாகிஸ்தானுக்கு 55 கோடி ரூபாய் கொடுக்க வைத்த கோபத்தில் காந்தியைச் சுட்டுவிட்டார் என்பதுதான் அதன் சாரம்.

படிக்க சினிமா கதை மாதிரி இருக்கும். ஆனால் நாதுராம் கோட்சேயின் வாழ்க்கையைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் கதை ஒட்டவில்லை. துப்பாக்கியைத் தூக்கியபோது அவருக்கு வயது 37. அதற்கு முன்பே ஏறக்குறைய 16 வருட அரசியல் வாழ்க்கை அவருக்கு இருந்தது. தலைவர் இருந்தார், அமைப்பு இருந்தது, சொந்தமாகப் பத்திரிகையும் இருந்தது.

மூக்குத்தி போட்ட பையன்

1910 மே 19. பூனா மாவட்டம் பாராமதியில், தபால் துறை ஊழியர் விநாயக் கோட்சேயின் குடும்பத்தில் அந்தக் குழந்தை பிறந்தது. சித்பாவன பிராமணக் குடும்பம். வைத்த பெயர் ராமச்சந்திரா.

அதற்கு முன் பிறந்த மூன்று ஆண் குழந்தைகளும் சின்ன வயதிலேயே இறந்துபோயிருந்தன. பெண் குழந்தை மட்டும்தான் தங்கியது. ஆண் வாரிசுக்கு ஏதோ சாபம் இருக்கிறது என்று பெற்றோர் பயந்தார்கள். அதனால் இந்தக் குழந்தைக்கு மூக்குக் குத்தி, பெண் குழந்தை போலவே வளர்த்தார்கள். மராத்தியில் 'நத்' என்றால் மூக்குத்தி. அப்படித்தான் ராமச்சந்திரா 'நாதுராம்' ஆனார். தம்பி பிறந்து உயிரோடு தங்கிய பிறகே அவரை ஆண் பிள்ளையாக வளர்க்கத் தொடங்கினார்கள்.

இங்கிலீஷ் படிக்கட்டும் என்று பூனாவில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். படிப்பு ஏறவில்லை. மெட்ரிகுலேஷனைத் தாண்டாமலேயே பள்ளியை விட்டார்.

ரத்னகிரியில் கிடைத்த குரு

1929-ல் அப்பாவுக்கு ரத்னகிரிக்கு டிரான்ஸ்ஃபர். நாதுராமுக்கு 19 வயது. கையில் டிகிரி இல்லை, வேலையும் இல்லை. அவர் வாழ்க்கையைத் திருப்பிய சந்திப்பு அங்கேதான் நடந்தது.

அந்தமான் சிறையில் இருந்த விநாயக் தாமோதர் சாவர்க்கர், 1924-ல் விடுதலையாகி ரத்னகிரி மாவட்டத்தில் தங்கியிருந்தார். மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, அரசியலில் ஈடுபடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு நிபந்தனை போட்டிருந்தது. இந்தியா இந்துக்களின் தேசம் என்ற கருத்தை, 1923-ல் வெளியான 'ஹிந்துத்துவா' நூலில் அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். நாதுராம் அவரைப் போய்ப் பார்த்தார், பழகினார், சீடராகவே ஆகிவிட்டார்.

பிறகு குடும்பம் சாங்லிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நாதுராம் தையல் கடை நடத்தினார். 1932-ல் ஆர்எஸ்எஸ்ஸில் சேர்ந்தார். அரசியல் வாழ்க்கை தொடங்கியது இங்கேதான், 22 வயதில். அப்போது பாகிஸ்தான் என்ற நாடு ஒரு கட்சியின் கோரிக்கையாகக்கூட வரவில்லை. முஸ்லிம் லீக்கின் லாகூர் தீர்மானம் வந்தது 1940-ல்.

ஜெயிலுக்குப் போன தொண்டர்

1937-ல் சாவர்க்கர் மீதான கட்டுப்பாடுகள் நீங்கின. அதே ஆண்டு அவர் இந்து மகாசபையின் தலைவரானார். குரு நேரடி அரசியலுக்கு வந்ததும் சீடரும் அந்தப் பக்கம் முழுசாகப் போனார். சாங்லியை விட்டு பூனாவுக்கு வந்து, மகாசபையின் முழுநேர ஊழியர் போலவே வேலை பார்த்தார்.

1938-ல் ஹைதராபாத் நிஜாம் அரசுக்கு எதிராக, அங்குள்ள இந்துக்களுக்கு உரிமை கேட்டு மகாசபை போராட்டம் அறிவித்தது. தடையை மீறி உள்ளே போன முதல் அணியில் கோட்சே இருந்தார். கைதாகி, சுமார் ஓராண்டு சிறையில் இருந்தார். கட்சிக்காரர்கள் மத்தியில் அவருக்கு மரியாதை கூடியது.

இந்தக் காலத்தில்தான் நாராயண் ஆப்தேவின் நட்பு கிடைத்தது. இரண்டு பேரும் எதிர்த் துருவங்கள். கோட்சே கல்யாணம் செய்துகொள்ளாதவர், எளிமையாக வாழ்பவர். ஆப்தே அகமதுநகரில் ஆசிரியராக இருந்தவர், டிகிரி படித்தவர், கல்யாணமானவர், நன்றாக உடுத்தி ஊர் சுற்றுபவர். அகமதுநகரில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றையும் தொடங்கி நடத்தியவர். ஆனால் இரண்டு பேருக்கும் தலைவர் ஒருவர்தான்.

1942-ல் 'ஹிந்து ராஷ்டிர தளம்' என்ற தனி அமைப்பு பூனாவில் உருவானது. சாவர்க்கரின் கொள்கைக்கு விசுவாசமான இளைஞர்களைத் திரட்டுவதுதான் அதன் வேலை.

பத்திரிகை ஆசிரியர் கோட்சே

1944-ல் 'அக்ரணி' என்ற மராத்திப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். கோட்சே ஆசிரியர், ஆப்தே நிர்வாகி. தொடக்க முதலீட்டுக்காக சாவர்க்கர் 15,000 ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

பத்திரிகையின் நிரந்தர எதிரி காந்தி. அவருடைய அகிம்சை இந்துக்களைக் கோழைகளாக்குகிறது, அவர் முஸ்லிம்களுக்குச் சலுகை காட்டுகிறார் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த குற்றச்சாட்டு. சாதிகளுக்கும் மதங்களுக்கும் நடுவே வெறுப்பைத் தூண்டும் பத்திரிகைகள் மீது பம்பாய் அரசு நடவடிக்கை எடுத்தபோது, 'அக்ரணி'யிடம் பாதுகாப்புத் தொகை கேட்டது. கொஞ்ச நாளில் அதே பத்திரிகை 'ஹிந்து ராஷ்டிரா' என்ற புதுப் பெயரில் வந்தது. ஆசிரியரும் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை.

பூனாவில் காந்தி மீதான வெறுப்பு அதற்கும் முன்பே இருந்தது. 1934 ஜூன் 25-ம் தேதி, தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் காந்தி அங்கே வந்தபோது வெடிகுண்டு வீசப்பட்டது. அதை வீசியது யார் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. ஆனால் பிரிவினைக்கு 13 ஆண்டுகள் முன்பே அவரைக் கொல்ல முயற்சி நடந்துவிட்டது என்பது பதிவாகியிருக்கிறது.

அந்த 55 கோடி விவகாரம் என்ன?

ஃபார்வர்டுகளில் அதிகம் அடிபடும் விஷயம் இதுதான். பிரிவினையின்போது, ஒன்றுபட்ட இந்தியாவின் கஜானாவில் இருந்த ரொக்கத்தில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 20 கோடி முதலிலேயே கொடுக்கப்பட்டது. மீதி 55 கோடி. காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்ததால் இந்திய அரசு அதை நிறுத்தி வைத்தது.

1948 ஜனவரி 13-ம் தேதி டெல்லியில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 15-ம் தேதி மத்திய அமைச்சரவை பணத்தை விடுவிக்க முடிவெடுத்தது. காந்தி உண்ணாவிரதத்தை முடித்தது 18-ம் தேதி. மசூதிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், டெல்லி முஸ்லிம்கள் பயமில்லாமல் நடமாட வேண்டும் என்பது போன்ற உறுதிமொழிகளைப் பல தரப்புத் தலைவர்களும் எழுதிக் கொடுத்த பிறகுதான் முடித்தார். அந்த உறுதிமொழிப் பட்டியலில் 55 கோடி இல்லை.

நீதிமன்றத்தில் கோட்சே நீண்ட வாக்குமூலம் ஒன்றைப் படித்தார். கொலைக்குத் தான் மட்டுமே பொறுப்பு, 55 கோடிக்காக நடந்த அந்த உண்ணாவிரதம்தான் தன்னை இந்த முடிவுக்குத் தள்ளியது என்பது அவர் தரப்பு.

வழக்கில் வந்த சாட்சியம் வேறு மாதிரி இருந்தது. ஆயுத வியாபாரி திகம்பர் பட்கே அப்ரூவராக மாறியவர். அவர் சாட்சியப்படி, வெடிபொருளும் கையெறி குண்டுகளும் ரிவால்வர்களும் வேண்டும் என்று பூனாவில் 'ஹிந்து ராஷ்டிரா' ஆபீஸில் வைத்துக் கேட்கப்பட்டது ஜனவரி 10-ம் தேதி. காந்தி உண்ணாவிரதத்தை அறிவித்தது 12-ம் தேதி மாலை. அதாவது உண்ணாவிரத அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பே ஆயுதங்களுக்கு ஆர்டர் போயாச்சு.

உண்ணாவிரதம் தொடங்கிய நாட்களில் கோட்சே இன்னொரு வேலையும் செய்தார். தன்னுடைய இரண்டு இன்ஷூரன்ஸ் பாலிசிகளுக்கு நாமினி போட்டார். ஒன்றுக்கு ஆப்தேவின் மனைவி. இன்னொன்றுக்குத் தம்பி கோபால் கோட்சேயின் மனைவி.

தவறவிட்ட பத்து நாட்கள்

ஜனவரி 20. பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெடிச் சத்தம். குண்டு வைத்த மதன்லால் பாவா அங்கேயே பிடிபட்டார். திட்டப்படி அடுத்து செய்ய வேண்டியதைச் செய்யாமல், கோட்சேயும் மற்றவர்களும் தப்பி ஓடினார்கள்.

பூனாவில் வரும் 'ஹிந்து ராஷ்டிரா' பத்திரிகையின் ஆசிரியர் இதில் இருக்கிறார் என்று மதன்லால் போலீஸிடம் சொன்னார். டெல்லி ஹோட்டலில் போலி பெயரில் தங்கியவர்கள் சலவைக்குப் போட்ட துணியில் என்.வி.ஜி. என்ற குறி இருந்தது. நாதுராம் விநாயக் கோட்சே! பம்பாயில், மதன்லாலுக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர், மறுநாளே உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் சதி பற்றிச் சொல்லிவிட்டார்.

இத்தனை தகவல் கையில் இருந்தும் பூனா, பம்பாய், டெல்லி போலீஸ் ஒன்றாக இணைந்து வேகமாகச் செயல்படவில்லை. கூட்டத்துக்கு வருபவர்களைச் சோதனை செய்யலாம் என்ற யோசனையை காந்தி ஏற்கவில்லை.

கோட்சே பம்பாய் போய், மறுபடி டெல்லிக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து குவாலியர் போனார். இத்தாலியத் தயாரிப்பான பெரெட்டா துப்பாக்கி அங்கே கிடைத்தது. ஜனவரி 30 மாலை, படேலுடன் பேசிவிட்டுக் கொஞ்சம் தாமதமாகப் பிரார்த்தனைக்கு நடந்து வந்தார் காந்தி. 5.17 மணி. கோட்சே மிக அருகில் நின்று மூன்று முறை சுட்டார். காந்திக்கு வயது 78. சில அடி பின்னால் வந்துகொண்டிருந்தவர் அவருடைய செயலாளர்களில் ஒருவரான தமிழர் வி.கல்யாணம்.

சுட்டது யார்?

அன்று இரவு நாடு முழுக்க இருந்த கேள்வி இது. சுட்டவர் ஒரு இந்து என்று ஆல் இந்தியா ரேடியோ உடனடியாக அறிவித்தது. முஸ்லிம்கள் மீது தாக்குதல் நடந்துவிடக் கூடாது என்ற பயமே காரணம். ஆனால் மகாராஷ்டிரப் பகுதிகளில் கோபம் வேறு பக்கம் திரும்பியது. கோட்சேயின் சாதியைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே, சம்பந்தமே இல்லாத பிராமணக் குடும்பங்கள் தாக்கப்பட்டன, வீடுகள் கொளுத்தப்பட்டன. சாவர்க்கரின் தம்பியும் தாக்கப்பட்டார்.

தமிழகத்தில், காந்தியோடு ஆயுள் முழுக்க முரண்பட்ட பெரியார், நாட்டுக்கே காந்தி பெயரை வைக்க வேண்டும் என்று எழுதினார்.

வழக்கு, தண்டனை, விவாதம்

1948 பிப்ரவரி 4-ம் தேதி ஆர்எஸ்எஸ் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் தடை நீங்கியது. 1948 பிப்ரவரி இறுதியில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், சதி செய்தது சாவர்க்கரின் கீழ் இருந்த இந்து மகாசபையின் தீவிரப் பிரிவுதான், ஆர்எஸ்எஸ்ஸுக்கு இதில் தொடர்பில்லை என்று உள்துறை அமைச்சர் படேல் குறிப்பிட்டார். கோட்சே எப்போதோ விலகிவிட்டார் என்பது ஆர்எஸ்எஸ் நிலைப்பாடு. அண்ணன் விலகவே இல்லை என்று பிற்காலத்தில் பேட்டி கொடுத்தார் தம்பி கோபால். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

செங்கோட்டையில் சிறப்பு நீதிமன்றம் அமைத்து வழக்கு நடந்தது. 1949 பிப்ரவரி 10-ம் தேதி தீர்ப்பு. கோட்சே, ஆப்தேவுக்குத் தூக்கு. ஐந்து பேருக்கு ஆயுள். சாவர்க்கர் விடுதலை. ஆயுள் தண்டனை பெற்றவர்களில் இரண்டு பேர் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். மேல்முறையீட்டில் கோட்சே கொலைக் குற்றத்தை மறுக்கவில்லை. கூட்டுச் சதி இல்லை என்பதற்காக மட்டும் வாதாடினார்.

தூக்கு வேண்டாம் என்று கேட்டவர்களில் காந்தியின் மகன்களே இருந்தார்கள். மணிலால், ராம்தாஸ் இருவரும் வைத்த கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1949 நவம்பர் 15-ம் தேதி அம்பாலா சிறையில் கோட்சேயும் ஆப்தேவும் தூக்கிலிடப்பட்டார்கள். கோட்சேக்கு 39 வயது.

கதை அங்கே முடியவில்லை. 1964-ல் கோபால் கோட்சே உள்ளிட்டோர் விடுதலையானபோது பூனாவில் வரவேற்பு விழா நடந்தது. மேடையில் பேசிய திலகரின் பேரன் ஜி.வி.கேட்கர், கொலைத் திட்டம் தனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல, நாடாளுமன்றம் கொந்தளித்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட விசாரணை கமிஷனை நீதிபதி ஜே.எல்.கபூர் நடத்தி முடித்தார். 1969-ல் வந்த அறிக்கை, போலீஸின் மெத்தனத்தை வரிசையாகப் பட்டியலிட்டது. கிடைத்த தகவல்களைச் சேர்த்துப் பார்த்தால் இது சாவர்க்கரும் அவர் குழுவும் செய்த சதி என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர முடியாது என்றும் சொன்னது. சாவர்க்கர் 1966-லேயே இறந்துவிட்டார். அவர் மீதான விடுதலைத் தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த ஜனவரியில் அந்த ஃபார்வர்டு மறுபடியும் வரும். அப்போது மூன்று தேதிகளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அமைப்பில் சேர்ந்தது 1932. பத்திரிகை தொடங்கியது 1944. ஆயுதம் கேட்டது 1948 ஜனவரி 10. கோபத்தில் ஒரு நொடியில் நடந்த கொலைக்கு இவ்வளவு நீண்ட காலண்டர் தேவைப்படாது.