வைணு பாப்பு: காணாத ஒளிக்காக உழைத்தவர்

பெப்ரவரி பிறந்து மாரி ஓய்ந்ததும் வெலிமடை, பொரலந்த, ஊவா பரணகம பகுதிகளில் பனிமூட்டம் இறங்காத இரவுகளில் வானத்தை அண்ணாந்து பார்ப்போருக்கு, ஓரியன் எனும் வேடன் உடுத்தொகுதி ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே தென்படும். வேடனின் இடைப்பட்டிக்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில் சற்றுப் புகைந்தாற்போல் தெரியும் புள்ளி விண்மீன் அன்று. அது நெபுலா என அழைக்கப்படும் விண்முகில். எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் வெறுங்கண்ணுக்கு அது சாம்பல் நிறப் புகையாகவே இருக்கும். மனிதக் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை என்பதே காரணம். புகைப்படத் தட்டோ ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஒரு மணி நேர ஒளியையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கண் காணாத மடிப்புகளும் இழைகளும் மெல்ல மெல்ல அதில் எழுகின்றன.

இக்கலையை முதலில் வளர்த்தவர்களுள் பலர் தொழில்முறை வானியலாளர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. 1880 செப்டெம்பரில் ஓரியன் விண்முகிலை முதன்முதலாகப் படம்பிடித்த ஹென்றி டிரேப்பர் ஒரு மருத்துவர். தட்டை அவர் 51 நிமிடங்கள் திறந்து வைத்திருந்தார். 1888இல் அந்திரோமீடாவைப் பல மணி நேரம் படம்பிடித்து அதன் சுருள் வடிவை உலகுக்குக் காட்டிய ஐசக் ரொபர்ட்ஸ் கட்டட ஒப்பந்தக்காரராக இருந்தவர். அதே அந்திரோமீடாவைச் சிறு முகில் எனக் கி.பி. 964 அளவில் தமது நூலில் பதிந்து வைத்தவர் பாரசீகத்தின் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி. அவரிடம் தொலைகாட்டியும் இல்லை, தட்டும் இல்லை. ரமழானின் தலைப்பிறைக்காக மேற்கு அடிவானை நோக்கி நிற்கும் எமது வாசகர்களுக்கு அத்தகைய பார்வையின் அருமையை விளக்கத் தேவையில்லை.

காத்திருத்தல் என்றால் கைகட்டி நிற்பது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை வீதம் நகர்கிறது. தொலைகாட்டியும் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். அக்காலத்து இயந்திரங்கள் அவ்வளவு துல்லியமானவையல்ல. எனவே வழிகாட்டி விண்மீன் ஒன்றைக் குறுக்கிழையின் மேல் நிறுத்தி, அது மயிரிழை விலகினாலும் திருகைத் திருப்பிச் சரிசெய்தவாறு குளிரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். ஒரு கணம் கவனம் தவறினால் அவ்விரவின் உழைப்பு வீண். முகில் வந்தாலும் அவ்வாறே. இந்த ஒழுக்கத்தை ஓர் இரவின் பழக்கமாக மட்டுமன்றி ஒரு நாட்டின் வானியலுக்கே அடித்தளமாக ஆக்கியவர் எமது பிராந்தியத்தில் யார் என வினவினால், நாம் வைணு பாப்புவையே சுட்டுவோம்.

மணலி கல்லட் வைணு பாப்பு 1927 ஓகஸ்ட் 10ஆம் திகதி சென்னையில் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வு நிலையத்தில் உதவியாளராகப் பணியாற்றியவர். அந்நிலையத்தின் வரலாறே சுவையானது. வானியலில் தணியாத ஆர்வம் கொண்ட நவாப் ஸபர் ஜங் என்ற பிரபு 15 அங்குலத் தொலைகாட்டி ஒன்றைச் சொந்தச் செலவில் தருவித்து 1901இல் அதனைத் தொடங்கினார். அவரது மறைவின் பின் நிஜாமின் அரசு அதைப் பொறுப்பேற்றது. முழு வானத்தையும் பல நாடுகள் பங்கிட்டுப் படம்பிடிக்கும் சர்வதேசத் திட்டத்தில் ஹைதராபாத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அங்கிருந்தோர் தட்டுத் தட்டாக எடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் அளந்து, பல்லாண்டு உழைப்பில் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிட்டனர். பெயர் வெளியே தெரியாத உதவியாளர்களின் உழைப்பு அது. அத்தகைய உதவியாளர் ஒருவரின் வீட்டில்தான் பாப்பு வளர்ந்தார். மாணவப் பருவத்திலேயே மாறொளி விண்மீன்களை அவதானித்துக் கட்டுரைகளும் எழுதினார்.

1949இல் ஹைதராபாத் அரசின் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், சில மாதங்களிலேயே பெயர் பெற்றார். அவ்வாண்டு ஜூலை 2ஆம் திகதி எடுக்கப்பட்ட தட்டை ஆராய்ந்தபோது, அங்கே இருக்கக் கூடாத ஒரு மங்கல் கறை அவர் கண்ணிற்பட்டது. இத்தகைய கறை விண்முகிலாகவும் இருக்கலாம், வால்வெள்ளியாகவும் இருக்கலாம். மீண்டும் படமெடுத்து, அது இடம் பெயர்ந்துள்ளதா எனப் பார்த்தாலன்றி அறிய வழியில்லை. அது பெயர்ந்திருந்தது. பேராசிரியர் பார்ட் பொக், சக மாணவர் கோர்டன் நியூகேர்க் ஆகியோரின் பெயர்களுடன் பாப்புவின் பெயரையும் தாங்கியது அந்த வால்வெள்ளி. வந்த ஆண்டிலேயே கிடைத்த இப்புகழில் அவர் மயங்கிவிடவில்லை. 1952இல் கலாநிதிப் பட்டம் பெற்றபின் கலிபோர்னியாவில் ஒலின் வில்சனுடன் சேர்ந்து, குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கல்சியக் கோட்டின் நடுவே தோன்றும் ஒளியிழையை அளந்தார். அந்த இழையின் அகலத்தைக் கொண்டே விண்மீனின் உண்மையான பிரகாசத்தையும், அதன் வழியே தூரத்தையும் கணிக்கலாம் என இருவரும் காட்டினர். 1957இல் வெளியான அம்முடிவு இன்றும் வில்சன் பாப்பு விளைவு என்றே வழங்குகிறது.

எனினும் நாம் அவரை நினைவுகூர்வது இதற்காக அன்று. 1953இல் அவர் தாயகம் திரும்பியபோது அவருக்காக நவீன தொலைகாட்டி எதுவும் அங்கே காத்திருக்கவில்லை. உத்தரப் பிரதேச அரசின் வானாய்வு நிலையத்தைப் பொறுப்பேற்று, அதை வாரணாசியிலிருந்து நைனித்தால் மலைக்குக் கொண்டுசென்றார். 1960இல் கொடைக்கானல் நிலையத்தின் பணிப்பாளரானபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. கொடைக்கானல் சூரியனை ஆராய உகந்த இடம். மலைநாட்டவராகிய நமக்குத் தெரிந்தவாறே, அத்தகைய உயரங்களில் இரவு என்பது பெரும்பாலும் முகிலின் ஆட்சிதான். எனவே இருளும் தெளிவும் ஒருங்கே அமைந்த ஓரிடத்தைத் தென்னிந்தியாவில் தேடத் தொடங்கினார். தென்வானின் செல்வங்களும் கண்ணுக்கெட்ட வேண்டும் என்பது அவரது நோக்கம். ஜவ்வாது மலையில், காட்டினிடையே, 725 மீற்றர் உயரத்திலுள்ள காவலூர் என்ற சிற்றூரில் அத்தேடல் முடிவுற்றது.

1968இல் அங்கே முதலில் நிறுவப்பட்டது தமது நிலையத்திலேயே உருவாக்கிய 38 சென்ரிமீற்றர் தொலைகாட்டி. ஜேர்மனியிலிருந்து தருவித்த ஒரு மீற்றர் தொலைகாட்டி 1972இல் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் வியாழனின் துணைக்கோளான கனிமீட் ஒரு விண்மீனை மறைத்ததை அதன் மூலம் அவதானித்தனர். 1977இல் யுரேனசைச் சூழ வளையங்கள் உண்டென்பது வெளிப்பட்ட நிகழ்விலும் காவலூருக்குப் பங்குண்டு.

இத்துடன் அவர் நின்றிருக்கலாம். பெருந்தொலைகாட்டி ஒன்று வேண்டுமாயின் விலைகொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கலாம். அவர் தேர்ந்ததோ 2.34 மீற்றர் ஆடி கொண்ட தொலைகாட்டியை உள்நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கும் வழியை. கண்ணாடிப் பாளம் மட்டும் வெளியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகிடும் பணி பெங்களூரில் நடந்தது. ஒளியின் அலைநீளத்திலும் சிறிய பிழைகளைக் களையும் வேலை அது. சற்றுத் தேய்ப்பதும், சூடு ஆறும்வரை பொறுப்பதும், அளப்பதும், மீண்டும் தேய்ப்பதுமாக ஆண்டுகள் உருண்டன. 1979இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகப் பாப்பு தெரிவானார். 1982 ஓகஸ்டில் அதன் பொதுச்சபை கிரேக்கத்தின் பட்ராஸ் நகரில் கூடியபோது தலைமை தாங்க வேண்டிய அவர் மியூனிக் மருத்துவமனையில் இருந்தார். இருதய சத்திரசிகிச்சையின் பின் ஓகஸ்ட் 19ஆம் திகதி அங்கேயே காலமானார். ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன.

1985 நவம்பரில் அத்தொலைகாட்டி முதல் விண்மீன் ஒளியைப் பெற்றது. 1986 ஜனவரி 6ஆம் திகதி பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

வாங்கியிருந்தால் அவர் தம் கண்ணால் அதன் ஒளியைக் கண்டிருப்பார் அல்லவா என்று எவரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விலைக்கு வாங்கிய தொலைகாட்டியுடன் ஆடி தேய்க்கத் தெரிந்த கைகள் வந்திருக்கமாட்டா. அறிவியலில் பின்தங்கிய நாடுகள் கருவிகளை இறக்குமதி செய்துவிட்டு, அவை பழுதானதும் மூலையில் போட்டுவைப்பதை நாம் போதுமான அளவு கண்டிருக்கிறோம். அந்த வகையில் அவரது தீர்மானம் சரியானது என்றே நாம் கருதுகிறோம். அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று என்பதையும் மறுப்பதற்கில்லை. அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குள், 1988 பெப்ரவரியில், காவலூரில் எடுத்த தட்டுகளில் புதிய சிறுகோள் ஒன்று அகப்பட்டது. கண்டவர்கள் அதற்கு இராமானுஜன் எனப் பெயரிட்டனர்.

பாப்பு தெற்கு வானை நாடிக் காவலூருக்குச் சென்றார். ஊவாவோ அதனினும் ஏறத்தாழ ஐந்தரைப் பாகை தெற்கே இருக்கிறது. ஐரோப்பிய ஆர்வலர்கள் தம் நாட்டிலிருந்து ஒருபோதும் காணவியலாத கரீனா விண்முகில், காவலூரில் அடிவானுக்குச் சுமார் 18 பாகை உயரம் வரையே எழும். வெலிமடையில் அது 23 பாகைக்கு எழுகிறது. மார்ச் மாத நள்ளிரவிலோ ஏப்ரல் மாதம் மழை விட்ட இரவுகளில் ஒன்பது மணியளவிலோ, ஹப்புத்தளைப் பக்கத்து மலைமுகடுகளுக்கு மேலே தெற்கில் அதைத் தேடலாம். இன்று தட்டும் வேண்டாம், குறுக்கிழையும் வேண்டாம். அகன்ற வில்லை பூட்டிய சாதாரண டிஜிட்டல் கெமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, இருபது இருபது விநாடிகளாக நூற்றெண்பது படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மணி நேர ஒளி சேர்ந்துவிடும். பிள்ளைகளுடன் செல்வோர் கம்பளிப் போர்வையை மறக்க வேண்டாம். இடையில் முகில் வந்தால் அது விலகும்வரை கெமராவை நகர்த்தவும் வேண்டாம்.