ஏமி ஜான்சன்

லண்டன் மாநகருக்கும் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வின் நகருக்கும் இடையே, முற்கால வான்வழித் தொலைவு ஏறத்தாழ 11,000 மைல். கப்பலில் செல்வோருக்கு ஒரு திங்களுக்கு மேலாகும். இத்தொலைவை ஹிங்க்லர் என்னும் வீரர் 1928ஆம் ஆண்டில் பதினாறு நாளுக்குள் தனியே பறந்து கடந்தார். ஒரு பெண்ணாலும் அது இயலும் என்று காட்டியவர் ஏமி ஜான்சன் அம்மையார்.

இவர் 1903ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒரு மீன் வணிகரின் மகளாகப் பிறந்தார். ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டப் பயின்றார். ஓட்டக் கற்றதோடு அவர் அமையவில்லை. பொறியைக் கழற்றவும் பூட்டவும் பழுது நீக்கவும் கற்று, அதற்குரிய சான்றிதழும் பெற்றார். அவருடைய தந்தையாரும் வேக்பீல்டு பிரபுவும் பொருளுதவி செய்ய, 600 பவுன் விலையில் பழைய விமானம் ஒன்று வாங்கப்பெற்றது. அதற்கு அவர் 'ஜேசன்' என்று பெயரிட்டார்.

1930ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து ஏமி புறப்பட்டார். அதற்கு முன் அவர் தனியே பறந்த மிக நீண்ட தொலைவு, லண்டனிலிருந்து ஹல் நகர் வரை. அது 200 மைலுக்கும் குறைவு. ஜேசன் மணிக்கு 80 மைல் அளவிலேயே செல்லும். மேற்கூரை இல்லை, செய்தி அனுப்பும் வானொலிக் கருவியும் இல்லை. பாக்தாதுக்கு அருகே மணற்புயல் வீசவே, பாலைவனத்தில் இறங்கிக் காத்திருந்தார். எனினும் ஆறே நாளில் கராச்சியை அடைந்தார். ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முந்திவிட்டார்!

ஆனால், பர்மாவில் பெருமழை குறுக்கிட்டது. இரங்கூன் அருகே ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் பாய்ந்து, இறக்கையும் சுழல்விசிறியும் சிதைந்தன. அங்கிருந்த தொழிற்பள்ளியினரின் துணையோடு அவற்றைச் செப்பனிட்டார். அரிய நாட்கள் சில கழிந்தன. முந்தும் வாய்ப்பும் நழுவியது. அதுகண்டு அவர் பயணத்தைக் கைவிட்டாரல்லர். பாங்காக், சிங்கப்பூர், ஜாவா தீவு ஆகியவற்றைக் கடந்து, இறுதியில் டைமர் கடலின் மேல் ஏறத்தாழ 500 மைல் பறந்து, மே 24ஆம் நாள் டார்வினில் இறங்கினார். பயணம் இருபது நாள் அளவில் முடிந்தது. ஹிங்க்லரை வெல்ல இயலவில்லை; ஆயினும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற்பெண் என்னும் புகழ் அவருக்கே உரியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரில், போர்ப்படைக்குரிய விமானங்களை உரிய இடத்தில் சேர்க்கும் பணியை அவர் மேற்கொண்டார். 1941ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், உள்நாட்டுக்குள்ளேயே சென்ற குறும்பயணம் ஒன்றில், கடுங்குளிரும் மூடுமேகமும் வழியை மறைக்க, தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் வீழ்ந்து உயிர்நீத்தார். கண்டங்களைக் கடந்தவரைச் சிறு தொலைவு பலிகொண்டது.

2018ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு, இடையில் எங்கும் இறங்காத விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. பயண நேரம் ஏறத்தாழ 17 மணி. நாட்கள் மணிகளாகச் சுருங்கிய இவ்வெற்றிக்கு, ஏமி போன்றோரின் தளரா ஊக்கமும் ஓர் அடிப்படையாகும்.