அருணாசலத்தின் ஆங்கில நண்பர்

எட்வர்ட் கார்ப்பெண்டர் என்னும் ஆங்கிலேயரின் பெயர், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் வரலாற்றைப் படித்தோருக்குப் புதியதன்று. கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த நாளிலே அருணாசலம் தேடிக்கொண்ட அந்த நட்பு, 1924ஆம் ஆண்டு மதுரையிலே அவர் காலமாகும்வரை அறுபடாமல் நீடித்தது. நண்பர் தமக்கு எழுதிய ஞானக் கடிதங்களைத் தொகுத்து 1927-ல் நூலாக வெளியிட்டவரும் கார்ப்பெண்டரே. இவ்வளவையும் நம்மவர் பெருமையோடு சொல்வர். ஆயின், அவர் முப்பதாண்டுக் காலம் யாரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார் என்பதை மட்டும் சொல்லார். அதை விட்டுவிட்டு அவர் சரிதத்தைக் கூறுவது, சிலம்பை விட்டுவிட்டுக் கண்ணகி கதை கூறுவதற்கு ஒப்பாகும்.

இதை எழுத என்னைத் தூண்டியது நூலறிவு அன்று. அலவத்துகொடவில் என் வீட்டுக்கு மூன்றாம் வளவில் நிகழ்ந்த ஒரு சாவு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

கார்ப்பெண்டர் 1844-ல் இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டனை அடுத்த ஹோவ் என்னும் ஊரில், வசதி படைத்த குடும்பத்திலே பிறந்தார். கேம்பிரிட்ஜில் கற்றுத் தேறி அங்கேயே ஆய்வுறுப்பினராகிக் குருப்பட்டமும் பெற்றார். அமைதியான, மதிப்பான, சம்பளம் குறையாத வாழ்வு அது. 1874-ல் அதனை உதறினார். வடபகுதி நகரங்களில் சாதாரண மக்களுக்கு வானநூலும் இசையும் பற்றி விரிவுரை செய்யலானார். அமெரிக்காவுக்கு இருமுறை சென்று கவிஞர் வால்ட் விட்மனைக் கண்டார். அருணாசலம் அனுப்பிவைத்த பகவத்கீதை அவர் உள்ளத்தில் ஒரு கதவைத் திறந்தது. அதன் பயனாய் எழுந்த நெடுங்கவிதை நூலின் முதற் பகுதி 1883-ல் வெளிவந்தது. அதே ஆண்டில், தந்தையார் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு செஃபீல்ட் நகருக்கு அண்மையில் மில்தோர்ப் என்ற சிற்றூரில் காணி வாங்கினார். காய்கறி பயிரிட்டுச் சந்தைக்குக் கொண்டு சென்றார். காஷ்மீரத்திலிருந்து நண்பரொருவர் அனுப்பிய செருப்பைப் பார்த்துத் தாமே செருப்புத் தைக்கவும் பழகினார். கேம்பிரிட்ஜ் பட்டதாரி செருப்புத் தைப்பதா என்று நம் ஊரில் இன்றுங்கூடக் கேட்பார்கள்.

அந்த 1883ஆம் ஆண்டு நமக்கும் முக்கியமானது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது அவ்வாண்டிலேதான். அதன் 365ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானது என்று பெயரிட்டு ஓரினத்தார் உறவைக் குற்றமாக்கிற்று. இதை நம் முன்னோர் எவரும் கேட்டு வாங்கவில்லை; ஆட்சியாளர் தம் நாட்டு ஒழுக்கத்தைப் பெட்டியிலே வைத்துக் கொண்டுவந்தனர். அவர் நாட்டிலும் 1885-ல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. ஆண்களிடையே அந்தரங்கத்தில் நிகழ்வதற்கும் ஈராண்டுச் சிறை என்றாயிற்று.

1890ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கார்ப்பெண்டர் இலங்கைக்கு வந்தார். அப்பொழுது அருணாசலம் குருநாகலில் நீதிபதி. அங்கே நண்பரின் குருவாகிய இராமசாமி என்ற ஞானியிடம் வாரக்கணக்கில் அமர்ந்து பாடங்கேட்டார். வெள்ளையர் ஒருவர் தமிழ்த் துறவியின் காலடியில் மாணவராக இருப்பது அக்காலத்தில் எளிய செய்தியன்று. கண்டிக்கும் வந்தார். உத்தியோகத்தர் வாழ்ந்த பங்களாக்களைக் காட்டிலும் கண்டிப் பகுதிக் குடியானவரின் மண்வீடுகளே அவரைக் கவர்ந்தன. களுவா என்ற சிங்கள இளைஞரோடு சிவனொளிபாத மலை ஏறினார். இவற்றையெல்லாம் 1892-ல் வெளியான பயணநூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்நூலில் அவர் வருணிக்கும் படிக்கட்டு வயல்களையும் கமுகந்தோப்புகளையும் படிக்கும்போது, மாத்தளை வீதியோரத்து எங்கள் ஊரையே காண்பதுபோல் இருக்கும்.

1891-ல் தாயகம் திரும்பிய காலத்தில் புகைவண்டியிலே ஓர் இளைஞரைச் சந்தித்தார். பெயர் ஜோர்ஜ் மெரில். செஃபீல்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர், முறையான கல்வி அற்றவர், நன்றாகப் பாடுவார். கார்ப்பெண்டரைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவர். இருவரும் ஒருவரையொருவர் விடவில்லை. 1898-ல் மெரில் மில்தோர்ப் இல்லத்துக்கே குடிவந்தார். நண்பர்கள் பலர் தடுத்தனர். வேலைக்கார வகுப்பினன் ஒருவனோடு, அதுவும் பெண்ணொருத்தியும் இல்லாத வீட்டில் வாழ்வது ஊர்வாய்க்கு இரையாகும் என்றனர். கார்ப்பெண்டர் கேட்கவில்லை. மெரில் சமைத்தார், வீட்டைத் துப்புரவாக்கினார், பூச்செடி நட்டார். அயலார் அவரை வீட்டுப் பணியாளர் என்று கொண்டனர். அந்தப் பெயரே அவர்களுக்குக் காப்பாகவும் இருந்தது, அவமதிப்பாகவும் இருந்தது.

அவர்கள் துணிவை அளக்க விரும்புவோர் 1895-ஐ நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு ஒஸ்கார் வைல்ட் என்ற பெரும் எழுத்தாளர் இக்குற்றத்துக்காகக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஓரினக் காதலை ஆதரித்து கார்ப்பெண்டர் எழுதிய சிறுநூல் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே மான்செஸ்டரில் தனிச்சுற்றுக்கு அச்சாகியிருந்தது. வழக்கின் பின்னர், லண்டன் பதிப்பாளர் அஞ்சி அவர் நூல்களைக் கைவிட்டார். அவர் ஓயவில்லை. 1908-ல் அதே பொருளை விரித்து நூலாக்கி வெளிப்படையாக விற்பனைக்கு விட்டார். 1913-ல் அவ்வில்லத்துக்கு வந்துசென்ற நாவலாசிரியர் ஈ. எம். ஃபாஸ்டர், அங்கே கண்ட வாழ்வின் தூண்டுதலால் ஒரு நாவல் எழுதினார்; அதை அச்சிடும் துணிவு ஃபாஸ்டருக்கு வரவில்லை. அவர் இறந்த பின்னரே, 1971-ல், அது வெளிவந்தது.

கார்ப்பெண்டர் திருமண உரிமை கேட்டாரா என்றால், இல்லை. அக்காலத்து விவாகத்தையே அவர் கடுமையாகக் கண்டித்தவர். பெண்ணைக் கணவனின் உடைமையாக்கும் ஒப்பந்தம் அது என்பது அவர் கருத்து. சட்டம் அன்பிலே தலையிடாதிருந்தால் போதும் என்று அவர் எண்ணினார். இந்த இடத்தில் நான் அவரோடு முரண்படுகிறேன். அவருக்குச் சொத்து இருந்தது, நூல்வருவாய் இருந்தது, வேண்டியதை எழுதி வைக்கும் கல்வியும் இருந்தது. சட்டம் வேண்டாம் என்பது சட்டத்தைத் தம் கையால் வளைத்துக்கொள்ள வல்லவருக்கு எளிது. மெரிலுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. 1922-ல் இருவரும் கில்ட்ஃபர்டுக்கு இடம்பெயர்ந்தனர். 1928 ஜனவரியில் இளையவராகிய மெரில் முந்திக்கொண்டார். முதியவர் அதன்பின் நிமிரவில்லை. சில மாதத்தில் பக்கவாதம் கண்டது. 1929 ஜூன் 28-ல் அவரும் மறைய, மெரிலின் குழியிலேயே அடக்கம் செய்தனர்.

எங்கள் ஊர்க் கதையில் முந்தியவர் மூத்தவர். அவர் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர், மற்றவர் தையற்காரர். வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்தனர். ஊரார் அவர்களை அண்ணன் தம்பி என்று வைத்துக்கொண்டனர். என் பிள்ளைகள் இருவரையும் மாமா என்றே அழைத்தனர். மூத்தவர் நெஞ்சுவலியில் விழுந்தபோது வைத்தியசாலைக்கு நானும் உடன் சென்றேன். கையொப்பமிட இரத்த உறவினர் வேண்டும் என்றார்கள். தையற்காரர் நோயாளிக்கு என்ன முறை என்று என்னைக் கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்று சொன்னேன். அவர் அருகிலேதான் நின்றார். மூத்தவரின் கடைசி இரவில் அவரை உள்ளே விடவில்லை. மரணசாதனம் எழுதப்படவில்லை, காணியும் வீடும் சட்டப்படி சகோதரியின் மகனுக்குப் போயின. அந்த இளைஞரையும் நான் குறை கூறேன். சட்டம் கொடுத்ததை அவர் எடுத்துக்கொண்டார்.

விவாகம் என்பது புனிதச் சடங்கு, அதைத் தொடக்கூடாது என்பார் கூற்றை நான் மதிக்கிறேன். எந்தக் கோயிலிலும் எந்தக் குருவையும் தாலி எடுத்துக் கொடுக்கும்படி யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் பதிவுகாரரின் புத்தகம் புனிதநூலன்று. இக்கண்டி நாட்டிலே சகோதரர் இருவர் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் ஊரறிய இருந்தது. 1859ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனை ஒழித்தது. இன்றும் கண்டியர்க்கு ஒரு விவாகச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஒன்று, ஏனையோர்க்குப் பொதுச் சட்டம் ஒன்று. அருணாசலமே பதிவாளர் நாயகமாக இருந்து அந்தப் புத்தகங்களைப் பேணியவர். பிள்ளைப்பேறு இன்றேல் விவாகம் இல்லை என்று எந்தப் பதிவுகாரரும் முதிய மணமக்களைத் திருப்பி அனுப்பியதாக நான் கேட்டதில்லை.

வெளியுலகம் நடந்துகொண்டிருக்கிறது. நெதர்லாந்து 2001-ல் தொடங்கி வைத்தது. கார்ப்பெண்டர் இறந்து ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளின் பின், 2014 மார்ச்சில், அவருடைய நாட்டில் இத்தகைய திருமணங்கள் பதிவாகத் தொடங்கின. தாய்லாந்து 2025 ஜனவரியில் சேர்ந்துகொண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ல் குற்றத்தை நீக்கியது. எனினும் 2023 அக்டோபரில் திருமண உரிமையை மறுத்து, அது சட்டமன்றத்தின் வேலை என்றது. நம் நாட்டிலோ குற்றத்தை நீக்கும் தனியார் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தும், அது நிறைவேறாமலே அந்தப் பாராளுமன்றம் கலைந்தது. பெற்றுக்கொண்ட ஆங்கிலேயரின் சட்டத்தை அவர்களே 1967-ல் தளர்த்தத் தொடங்கினர். நாம் 1995-ல் அதை விரித்துப் பெண்களையும் உட்படுத்தினோம்.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் தையற்காரர் வீட்டை ஒப்படைத்தார். உக்குவளையில் தூரத்து உறவினர் ஒருவர் இருக்கிறார் என்றார். பொருள்களை ஏற்ற நான் உதவிக்குப் போனேன். கட்டில், அலுமாரி, சுவரிலிருந்த மணிக்கூடு எதையும் அவர் தொடவில்லை. தையல் இயந்திரத்தை மட்டும் முச்சக்கர வண்டியில் ஏற்றச் சொன்னார். அதன் பற்றுச்சீட்டு தம் பெயரில் இருப்பதாகச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார்.